பின்தட்டில் ஆட்கள் வேண்டாம்

ஆசிரியருக்கு,

பண்ணைகளிலும் கட்டுமான இடங்களிலும் ஓடும் சிறு சரக்கு வண்டிகளைப் பலர் பொம்மை வண்டி போலவே நினைக்கிறார்கள். வேகம் குறைவுதானே என்ற அலட்சியம்! இவை கவிழ அதிக வேகம் தேவையில்லை. சரிவில் குறுக்காக ஓட்டினாலோ, பாரத்தை உயரமாக அடுக்கிவிட்டுச் சட்டென்று திருப்பினாலோ போதும். ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கருதும் புள்ளி, மேலே ஏற ஏற, சிறு சாய்வுக்கே வண்டி புரண்டுவிடும். அப்போது காலை வெளியே ஊன்றித் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு. நசுங்குவதும் அந்தக் கால்தான். கவிழ்ந்தாலும் நசுங்காத கூரைச் சட்டம் பொருத்தியிருக்கலாம். ஆனால், சீட் பெல்ட் போடாதவர் தூக்கி எறியப்பட்டு அதே சட்டத்துக்கு அடியில் சிக்குகிறார். சீட் பெல்ட்டே இல்லாத, சரக்கு வைப்பதற்கான பின்தட்டில் ஆட்களை ஏற்றுவதை முதலாளிகளே தடுக்க வேண்டும். ஓட்டுநர் மறுத்தால் அவர் வேலை அல்லவா போகும்?

– ஒரு வாசகர்