ஒரு நிமிஷம் முழுசா எண்ணு

அன்புள்ள கலா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். நீ பி.எட். பயிற்சிக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கே போகிறாயாமே! மணியடிக்கிற தாத்தா உன்னை அடையாளம் கண்டுகொண்டாரா? புளியமரத்து விஷயத்தை அவரிடம் உளறிவிடாதே, உன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மெடிக்கல் வார்டில் இரவு டியூட்டி. ஓரக் கட்டிலில் காய்ச்சலுக்குச் சேர்ந்த ஒரு பெரியவர். பத்து மணிக்குக் காய்ச்சலையும் நாடியையும் ஒழுங்காகப் பார்த்தேன். மூச்சுக்கு மட்டும், எண்ணாமலே 20 என்று சார்ட்டில் எழுதிவிட்டேன். மேலே இருந்த வரிகளிலும் 20தான். ஒரு மணிக்கு ரவுண்டு வந்த சிஸ்டர் அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "வாட்சைப் பாத்து ஒரு நிமிஷம் முழுசா எண்ணு" என்றார். பெரியவரின் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். 34. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தது. விரலில் மாட்டிய கருவியோ பெரிய ஆபத்து எதுவும் இல்லாததுபோல ஆக்சிஜன் 93 என்று காட்டிக்கொண்டிருந்தது. டாக்டரை எழுப்பினோம். விடிவதற்குள் அவரை ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு நாள் கழித்து வார்டுக்குத் திரும்பி வந்து என்னிடம் வெற்றிலை கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது கலா. நான் எழுதிய அந்த 20 இன்னும் அவர் சார்ட்டில் இருக்கிறது.

அந்த சிஸ்டர்தான் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பற்றிச் சொன்னார். நோயாளியை முழுசாகப் பரிசோதித்து, என்ன நடக்கிறது என்று கணித்து, வகுத்த நெறிமுறைக்குள் சிகிச்சையும் தொடங்குகிற நர்ஸ். 1965இல் அமெரிக்காவில், கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்தது. இங்கே இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்று இரண்டு வருஷ முதுகலைப் படிப்பாக வைத்திருக்கிறது. வகுப்பறையைவிட ஐ.சி.யூ.வில்தான் அதிக நேரம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்ஸாகப் பதிவு செய்து, குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு இப்போதே என்ன செய்ய முடியும் என்று யோசித்து ஒரு நோட்டுப் போட்டேன். டியூட்டி முடிந்ததும் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வேன். சிறுநீர் பிரிய வைக்கிற ஃப்ரூசமைடு ஊசி போட்ட பாட்டிக்குப் பொட்டாசியம் ஏன் பார்க்கச் சொன்னார்கள்? அந்த மருந்து சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பார்மகாலஜியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் உறைக்கவே இல்லை. அப்புறம் தமனி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். சரியான அளவு என்றால், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.35 முதல் 7.45 வரை, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45 வரை, அமிலத்தைச் சமன்செய்கிற பைகார்பனேட் 22 முதல் 26 வரை. கோளாறு நுரையீரலிலா வேறெங்காவதா, உடம்பு அதை எப்படிச் சமாளிக்கப் பார்க்கிறது என்று இந்த மூன்றையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். உன் கணக்குப் பைத்தியத்துக்கு ரொம்பப் பிடிக்கும். ராத்திரியில் அறைத்தோழிகளின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறேன். நல்ல மூச்சு காதுக்குப் பழகினால்தானே கெட்டது தனியாகத் தெரியும்?

பெரியப்பா, ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்று ஜெர்மன் வகுப்பில் சேரச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கடன் இருக்கிறதே. எனக்குப் பயம் வேறு. படித்து முடித்தாலும் இங்கே பல ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று தனிப் பணியிடம் கிடையாது. பழைய வேலை, பழைய சம்பளத்திலேயே உட்கார வைத்துவிட்டால்? இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். இருந்தும் மனசு அங்கேதான் போகிறது. முதலில் ஒரு வருஷம் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன் என்று அப்பாவிடம் மட்டும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே? பத்தாவதில் உனக்குப் பரிசாகக் கிடைத்த வாட்ச் சும்மா கிடந்தால் எடுத்துக்கொண்டு வா. என் வாட்சில் செகண்டு முள் நின்றுவிட்டது.

அன்புடன்,
தேவி