ஒன்றேகால் வினாடி

கப்பலூர், மதுரை
ஆடி 10

அன்புள்ள அருணாசலத்துக்கு,

உன் கடிதமும் மாப்பிள்ளை எடுத்த படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். பட்டறையை இப்போது தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் ஒரு மணி நேரம் போய் லேத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்காத யோசனைகளைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். உன் படங்களை அங்கேதான் பையன்களுக்குக் காட்டினேன். அன்று பகல் வரைக்கும் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒன்றுகூட மெஷினில் ஏறவில்லை.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் வேலியோரம் நின்று, போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ், மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரிஸ் ஆகிய இரண்டு கார்களும் அடுத்தடுத்துப் பறந்ததைப் பார்த்துவிட்டு, “பிளாக் சீரிஸ் ஏறக்குறைய ஆறு வினாடி முந்தியிருக்கும்போது போர்ஷேயை எதற்கு இப்படிக் கொண்டாடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்த ஆறு வினாடியைச் சரிசெய்துவிடுகிறேன். அங்குள்ள வடக்குச் சுற்றை இரண்டு விதமாக அளந்திருக்கிறார்கள். பழைய வழக்கத்தில் ஒரு சிறு நேர்ப்பகுதியை விட்டுவிட்டு 20.6 கிலோமீட்டர், 2019 முதல் முழுச் சுற்றாக 20.832 கிலோமீட்டர். 2020 நவம்பரில் மாரோ எங்கல் ஓட்டிய பிளாக் சீரிஸுக்கு இரண்டு நேரங்களும் உண்டு: குறுகிய அளவுக்கு 6 நிமிடம் 43.616 வினாடி, முழு அளவுக்கு 6 நிமிடம் 48.047 வினாடி. யோர்க் பெர்க்மைஸ்டர் 2022 அக்டோபரில் ஜிடி3 ஆர்எஸ்ஸில் எடுத்த 6 நிமிடம் 49.328 வினாடியோ முழு அளவுக்கு உரியது. நீ ஒன்றின் குறுகிய சுற்றையும் மற்றதன் முழுச் சுற்றையும் பக்கத்தில் வைத்திருக்கிறாய். ஒன்றை மைக்ரோமீட்டரிலும் அடுத்ததை ஸ்கேலிலும் அளந்து கல்லூரி முதலாண்டு ஆய்வகத்தில் திட்டு வாங்கியவன் ஆயிற்றே, வேறெப்படிச் செய்வாய்!

ஆக, வித்தியாசம் ஒன்றேகால் வினாடிதான். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் தூரத்தை ஏழு நிமிடத்துக்குள் ஓடிக் கடந்தபின், கடைசியில் இரண்டுக்கும் நடுவே அறுபத்தைந்து மீட்டர், அதாவது ஆறு டவுன் பஸ்கள் வரிசையாக நிற்கும் இடம். இதில் எனக்கு வியப்பாக இருப்பது பிளாக் சீரிஸ் முந்தியது அன்று. அதற்கு 730 குதிரைத்திறன், போர்ஷேக்கு 525. இருநூற்றைந்து குதிரைகள் குறைவாகக் கட்டிய வண்டி ஆறு பஸ் தூரம் மட்டும் பின்தங்கியது எப்படி என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

திருப்பரங்குன்றத்தில் படித்த காலத்தில், என் ஆர்எக்ஸ் 100 பைக்கின் பின்னால் நீ டிராயிங் போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தது நினைவிருக்கிறதா? ஆடிக் காற்றில் போர்டின் முன்விளிம்பு கொஞ்சம் மேலே தூக்கினால் உன்னையும் சேர்த்துக் கிளப்பப் பார்க்கும். கீழே சாய்த்தால் பின்சக்கரத்தை ரோட்டோடு அழுத்தும். ஜிடி3 ஆர்எஸ்ஸின் பின்னிறக்கை அந்தச் சாய்த்த போர்டுதான். வண்டியின் கூரையைவிட உயரமாக அது நிற்பதை உன் படத்திலேயே பார்க்கலாம். மணிக்கு 200 கிலோமீட்டரில் காற்று அந்தக் காரை 409 கிலோ எடைக்குச் சமமாகக் கீழே அழுத்துகிறது என்றும், 285-இல் அது 860 கிலோ ஆகிறது என்றும் போர்ஷே சொல்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும் என்ற பாடத்தை வைத்து நான் போட்டுப் பார்த்ததில் 830 வந்தது. கணக்கு ஒட்டித்தான் போகிறது. காரின் சொந்த எடையே 1,450 கிலோ. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; இது அதே காற்றை வைத்துத் தன்னை அம்மியாக்கிக்கொள்கிறது.

பிளாக் சீரிஸிலும் இறக்கை இருக்கிறது. இரண்டு அடுக்கு இறக்கை, கையால் முன்னுக்கு இழுத்துவைக்கக்கூடிய முன்தட்டு எல்லாம் உண்டு. 250 கிலோமீட்டரில் 400 கிலோவுக்கு மேல் அழுத்தம் என்று அவர்கள் சொல்வதை அதே இருமடிக் கணக்கில் 200-க்கு இறக்கினால் 256 கிலோ வருகிறது. வேகமான ஒவ்வொரு வளைவிலும் போர்ஷேயின் டயர்களில் நூற்றைம்பது கிலோ அதிகமாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அந்த எடையை இழுத்துக்கொண்டு திரும்பவேண்டிய அவசியம் இல்லை. பட்டறையில் இதைச் சொன்னபோது ஒரு பையன், “அப்படியென்றால் எல்லாக் காருக்கும் பெரிய இறக்கை வைத்துவிடலாமே” என்றான். விலை அங்கேதான் இருக்கிறது. 2021-இல் வந்த, 510 குதிரைத்திறன் கொண்ட சாதாரண ஜிடி3 மணிக்கு 318 கிலோமீட்டர் போகும். 525 கொண்ட ஆர்எஸ் 296-இல் நின்றுவிடும். அழுத்துகிற காற்று இழுக்கவும் செய்கிறது. அதனால்தான் நேர்ப்பாதையில் இறக்கையைத் தட்டையாக்கிக்கொள்ளவும், கடும் பிரேக்கின்போது நிமிர்த்தித் தடுப்புப் பலகையாக்கவும் வழி செய்திருக்கிறார்கள். அப்படியும் 325 போகும் பிளாக் சீரிஸை நேர்ப்பாதையில் பிடிக்க முடியாது.

இதற்காக அவர்கள் விட்டுக்கொடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது முன்பக்க டிக்கி. பந்தயக் காரில் வைப்பதுபோல ஒரே பெரிய ரேடியேட்டரை நடுவில் சாய்த்துவைத்ததால் பெட்டி வைக்க இடமே இல்லை. ரேடியேட்டர் முன்பு இருந்த பக்கவாட்டு இடம் காற்றை ஒழுங்குபடுத்தும் பலகைகளுக்குப் போய்விட்டது. பானெட்டில் வெளியேறும் சூடான காற்று, பின்னால் இருக்கும் எஞ்சின் இழுக்கும் காற்றோடு கலந்துவிடாதபடி ஒதுக்கிவிடக் கூரையில் சிறு துடுப்புகள்கூட இருக்கின்றன. சித்திரை வெயிலில் மதுரையில் எஞ்சின் வேலை பார்த்தவனுக்கு அந்தத் துடுப்பின் அருமை தெரியும்.

எஞ்சின் என்று வந்தால் என் மனம் இரண்டு பக்கமும் சாய்கிறது. போர்ஷேயின் நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு, புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகிறது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 81.5 மில்லிமீட்டர்; அது பிஸ்டனுக்குச் சராசரியாக வினாடிக்கு இருபத்து நாலரை மீட்டர் வேகம். நம்மிடம் சிலிண்டரைக் கடைந்து ரீபோரிங் செய்ய வரும் லாரி எஞ்சின்கள் பத்து மீட்டரை ஒட்டியே வாழ்ந்து முடிப்பவை. வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தில் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் இல்லாமல், ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து ஒரே தடவையில் நிலைநிறுத்திவிடுகிறார்கள். பிளாக் சீரிஸும் நான்கு லிட்டர்தான், ஆனால் வி8, இரட்டை டர்போ, 800 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்தக் காருக்காகவே கிராங்க்கை மாற்றி, பிஸ்டன் கோல்களைப் பிடிக்கும் பின்கள் எல்லாம் ஒரே தளத்தில் 180 பாகையில் இருக்கும்படி செய்தார்கள். இடது வரிசையும் வலது வரிசையும் மாறிமாறி வெடிப்பதால் புகை சீராகப் போய் டர்போ உடனே எழும்புகிறது. பதிலுக்கு அதிர்வு கூடுகிறது. கிராங்க்கைக் கையில் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் நான் பிளாக் சீரிஸைத்தான் திறப்பேன்.

ஆனால் ஓட்டுவதற்குப் போர்ஷே. நீ உடனே கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயைச் சொல்லி மடக்குவாய் என்று தெரியும். அந்தமாதிரிச் சிறிய பந்தயப் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் எடுக்கும் வளைவில் 409 கிலோ நான்கில் ஒன்றாகி, நூறு கிலோதான் மிஞ்சும். காற்றின் உதவி பெரிதாக இராது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே 800 நியூட்டன் மீட்டரை இரண்டு பின்சக்கரங்கள் மட்டும் ரோட்டில் இறக்கவேண்டுமே! எஞ்சினையே பின் அச்சுக்குப் பின்னால் சுமக்கும் போர்ஷேக்கு அந்தத் தொல்லை குறைவு. பிளாக் சீரிஸ் தன் முழு வித்தையையும் காட்ட நீளமான நேர்ப்பாதை வேண்டும். சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் உன் அண்ணனின் எஸ்டி பைக்கில் நீ பட்ட பாட்டை நான் இங்கே விரித்து எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு வேலை. ஸ்டுட்கார்ட்டில் இருப்பவருக்கு இந்த இரண்டு கார்களும் அடிக்கடி கண்ணில் படும் போலிருக்கிறது. அடுத்த முறை படம் வேண்டாம். யாராவது காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், முதல் அரை நிமிடச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொல். எது எந்தக் கார் என்று எழுதவேண்டாம். பட்டறையில் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வதாகப் பையன்களிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன், தோற்றால் எல்லோருக்கும் ஜிகர்தண்டா.

அன்புடன்,
சண்முகம்