மூன்று மணி நேரத்துக்குப் பெயர் எண்டியூரன்ஸா? எஸ்ஆர்ஓ-வுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எஸ்ஆர்ஓ நிறுவனர் ஸ்டெஃபான் ராட்டெல் அவர்களுக்கும், ஜிடி வேர்ல்ட் சேலஞ்ச் யூரோப் கார் பந்தயப் போட்டிகளின் விதிகளையும் காலண்டரையும் முடிவு செய்யும் எஸ்ஆர்ஓ குழுவினருக்கும்,

வணக்கம். இவன் என்ன தமிழில் எழுதியிருக்கிறான் என்று யோசிக்க வேண்டாம். 2025இல் உங்கள் ஜிடி4 யூரோப்பியன் சீரிஸில் அஜித் குமார் ஓட்ட வந்ததிலிருந்து உங்கள் பந்தயங்களுக்குத் தமிழ் அந்நிய மொழி இல்லை. மிசானோவில் மோதி வண்டி நின்றதும் இறங்கிப்போய், டிராக் ஊழியர்களான மார்ஷல்களோடு சேர்ந்து டிராக்கில் சிதறிக் கிடந்ததை அவர் பொறுக்கிக்கொண்டிருந்த காணொளி எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மட்டும் நான்கு பேர் அனுப்பி நான்கு முறை வந்தது. நான் அதற்கெல்லாம் முன்பே, உங்கள் தொடருக்கு பிளாங்க்பாங் என்று வாட்ச் கம்பெனியின் பெயர் இருந்த காலத்திலிருந்தே பார்க்கிறவன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன ஆசை. சொல்லிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

எண்டியூரன்ஸ், அதாவது நெடுநேரம் தாக்குப்பிடித்து ஓடும் பந்தயக் கோப்பை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். 2025 காலண்டரை எடுத்துப் பார்த்தால் ஐந்து சுற்று. பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் 24 மணி நேரம், பால் ரிக்கார்ட் 6 மணி நேரம், சரி. மிச்சம் மோன்சா, நூர்புர்க்ரிங், பார்சிலோனா மூன்றும் ஆளுக்கு 3 மணி நேரம். எங்கள் ஊரில் சில சினிமாவே இடைவேளையோடு அவ்வளவு நேரம் ஓடும்.

நீளம் மட்டும் பிரச்சினை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். உங்கள் விதியையே வைத்துக் கணக்குப் போடுகிறேன், பாருங்கள். ஒரு வண்டிக்கு மூன்று டிரைவர். ஒரு டிரைவர் ஒரே மூச்சில் 65 நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, கட்டாயம் இரண்டு முறை பிட்டுக்கு, அதாவது டிராக்கின் ஓரத்தில் வண்டியை நிறுத்தும் இடத்துக்கு, வந்து ஆள் மாற வேண்டும். மூன்று பேரும் முழுசாக ஓட்டினால் 195 நிமிடம், பந்தயமோ 180 நிமிடம். ஆக மொத்தம் கையில் இருக்கும் சலுகை 15 நிமிடம். முதல் பிட் 50ஆவது நிமிடத்துக்கும் 65ஆவது நிமிடத்துக்கும் இடையில்தான் வர முடியும், இரண்டாவது 115க்கும் 130க்கும் இடையில். ஐம்பது அறுபது வண்டிகளும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் அடித்துப் பிடித்து உள்ளே வந்தாக வேண்டும். இதில் யுக்தி எங்கே இருக்கிறது? நடுவில் ஒரு விபத்து, எல்லோரையும் மெதுவாக ஓட வைக்கிற சேஃப்டி கார் இருபது நிமிடம் முன்னால் ஊர்ந்தது என்றால் பந்தயத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அதிலேயே போயிற்று. கடைசியில், ஆரம்ப வரிசையில் முன்னால் நின்றவனும் பிட்டில் தடுமாறாத குழுவும் ஜெயிப்பார்கள். அது நல்ல பந்தயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு உங்களிடமே குறுகிய பந்தயங்களுக்கென்று ஸ்பிரின்ட் கோப்பை என்று தனியாக ஒன்று இருக்கிறதே.

ஸ்பாவைப் பாருங்கள். அங்கே மாலை நாலரைக்குக் கொடி விழுந்தால் இங்கே இரவு எட்டு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் தெரியாது, யார் முன்னால் யார் பின்னால் என்பதே ஒரு தோராயம்தான். தூங்கி எழுந்து, வாசலில் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து போனைப் பார்த்தால் அங்கே இன்னும் நடுநிசி. லா சோர்ஸ் வளைவுக்கு முன்னால் பிரேக் டிஸ்க் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து, வண்டி திரும்பியதும் அணைகிறது. இரவு முழுக்க முதலிடத்தில் ஓடிய வண்டி கராஜில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. பந்தயம் இனிமேல்தான் ஆரம்பம் என்று அப்போதுதான் புரியும்.

2021ஐ நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைசிக் கட்டத்தில் மழை. டிரீஸ் வான்தூரின் ஆடி கார் முன்னால், அலெசாண்ட்ரோ பியர் கிடியின் ஃபெராரி பின்னால். இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் ஓடி முடித்து, இன்னும் சுமார் பத்து நிமிடம்தான் பாக்கி. பிளான்ஷிமோன் வளைவு, காய்ந்த ரோட்டிலேயே வயிற்றைக் கலக்குகிற வேகம். அந்த ஈரத்தில், வளைவின் வெளிப்பக்கமாகப் போய் முந்தினார் மனிதர். நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். இதே முந்தலை மூன்று மணி நேரப் பந்தயத்தில் செய்திருந்தால் நல்ல முந்தல், அவ்வளவுதான். 24 மணி நேரம் மூன்று பேர் மாறி மாறிக் கட்டிக் காத்த வண்டியை ஒரே வளைவில் பணயம் வைத்தார் பாருங்கள், அதனால்தான் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

2024இல், முதல் ஸ்பா 24 மணி நேரப் பந்தயம் நடந்து சரியாக நூறு ஆண்டு, ஆஸ்டன் மார்ட்டின் ஜெயித்தது. அதற்கு முன் அவர்கள் அங்கே ஜெயித்தது 1948இல். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நீங்கள் நடத்திய மூன்று மணி நேர மோன்சாவில் எந்த வருடம் யார் ஜெயித்தார்கள் என்று கேளுங்கள், போனைத்தான் எடுப்பேன்.

ராட்டெல் அவர்களே, பந்தயங்கள் இப்படிச் சுருங்கிப்போன கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1994இல் யூர்கன் பார்த், பத்ரிக் பீட்டர் இருவரோடு சேர்ந்து நீங்கள் பிபிஆர் தொடரைத் தொடங்கியபோது 4 மணி நேரம்தான் வழக்கமான நீளம். 1997இல் அது, உலக வாகனப் பந்தயங்களை ஆளும் எஃப்ஐஏ அமைப்பின் பெயரில், எஃப்ஐஏ ஜிடி சாம்பியன்ஷிப் ஆயிற்று. பிறகு 500 கிலோமீட்டர், கடைசி வருடங்களில் ஸ்பா நீங்கலாக 2 மணி நேரம். 2010இல் ஜிடி1 உலக சாம்பியன்ஷிப் என்று வந்தபோது ஒரு மணி நேரப் பந்தயங்கள். அது மூன்றே சீசன் தாங்கியது. நடுவில் 2011இல் நீங்கள் ஜிடி3 வண்டிகளை வைத்துத் தொடங்கிய எண்டியூரன்ஸ் தொடர்தான் இன்றுவரை நிற்கிறது. தேய்த்துத் தேய்த்து எங்கே போய் நிற்கும் என்று ஒருமுறை பார்த்தாயிற்று.

செலவு என்பீர்கள். நியாயம். டயர், பெட்ரோல், எஞ்சின் ஓடும் மணிக்கணக்கு எல்லாமே காசு. ஆனால் சொந்தக் காசைப் போட்டு ஓட்ட வருகிற வெண்கலத் தர, அதாவது தொழில்முறை அல்லாத, டிரைவர் பக்கமிருந்தும் பாருங்கள். அவர் இல்லாவிட்டால் உங்கள் வரிசையில் பல வண்டிகளே இருக்காது. ஒரு வார இறுதிக்கு அத்தனை கொட்டிக்கொடுத்து, பந்தயத்தில் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதிலும் சேஃப்டி கார் வந்தால் அவர் பாடு பாவம்.

அதனால் மொத்த நேரத்தைக் கூட்டச் சொல்லவே இல்லை. 2025 கணக்கில் 24, 6, 3, 3, 3, கூட்டினால் 39 மணி நேரம். ஒரு மூன்று மணி நேரச் சுற்றை விட்டுவிட்டு, இன்னொன்றை ஆறு மணி நேரமாக்குங்கள். 24, 6, 6, 3. அதே 39தான். லாரிகளையும் ஆட்களையும் கட்டி இழுக்கிற ஒரு பயணமும் ஓட்டல் செலவும் மிச்சம். எந்த ஊரை விடுவது என்பது உங்களுக்கும் டிராக்காரர்களுக்கும் உள்ள ஒப்பந்த விவகாரம், அதில் நான் தலையிடவில்லை. எதை நீட்டுவது என்று கேட்டால் மட்டும் சொல்வேன்: மோன்சா. 1965லிருந்து 1000 கிலோமீட்டர் பந்தயம் பார்த்த இடம் அது, ஆறு மணி நேரம் அதற்குப் புதிதல்ல.

அப்புறம், இத்தனை வருடமாக முழுப் பந்தயத்தையும் யூடியூபில் இலவசமாகக் காட்டுகிறீர்களே, அதற்கு நன்றி. அதில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். மோன்சாவில் மதியம் இரண்டுக்குத் தொடங்கினால் எட்டு மணிக்கு முடியும். எங்களுக்கு அது இரவு பதினொன்றரை. விழித்திருப்போம்.

இப்படிக்கு,
ஸ்பா முடிந்த மறுநாள் ஆபீசுக்குத் தாமதமாகப் போகிற ஒருவன்