முட்டி விலகின பிள்ளையை நடக்கச் சொல்லாதீர்கள்

வடசென்னை மைதானங்களில் கால்பந்து சொல்லித்தரும் கோச் அண்ணன்களுக்கு,

வணக்கம். நான் வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் பெண் உங்களில் ஒருவரிடம் ஆறு வருஷம் ஆடியவள். யார் என்று எழுதப்போவதில்லை. காசு வாங்காமல் சொல்லித்தந்த மனுஷர் அவர். ஆனாலும் போன வருஷம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

பந்தோடு ஓடியவள் காலை ஊன்றித் திரும்பினாள். யாரும் இடிக்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடம் பள்ளமாகி, வெளிப்பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்திருந்ததாம். காலை நீட்டியதும் 'டக்'கென்று உள்ளே போய்விட்டது. ஸ்ப்ரே அடித்து, "ஒண்ணுமில்லம்மா, நாலு ரவுண்டு நட, சரியாயிடும்" என்று எழுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் நானும் எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம்தான் கூட்டிப்போனேன். அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டாவது தடவை விலகியது, தண்ணி லாரியில் பிடித்த குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது. மூன்றாவது, வீட்டு மாடிப்படியில். அதற்கப்புறம்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

சில்லு, தொடை எலும்பில் இருக்கும் ஒரு பள்ளத்துக்குள் ஏறி இறங்குகிறது. வெளிப்பக்கம் ஓடாதபடி உள்பக்கத்திலிருந்து ஒரு ஜவ்வு பிடித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை விலகும்போதே பெரும்பாலும் அது கிழிந்துவிடும். சில்லு திரும்ப உட்கார்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஜவ்வோ தொளதொளவென்று ஆறிக் கிடக்கும். பள்ளம் ஆழமில்லாத பிள்ளைகளுக்கும், சில்லு கொஞ்சம் மேலே ஏறி இருப்பவர்களுக்கும் திரும்பத் திரும்ப விலகும்.

முதல் தடவையே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். எலும்போ குருத்தெலும்போ துண்டாக உடைந்து உள்ளே கிடந்தால் ஒழிய, பெரும்பாலும் பிசியோதெரபிதான். ஆனால் உடைந்திருக்கிறதா என்று மைதானத்தில் நின்று எப்படிச் சொல்வீர்கள்?

என் பெண்ணுக்குத் தொடையின் பின்பக்கத் தசைநாரில் ஒன்றை எடுத்துப் புது ஜவ்வாகக் கட்டினார்கள். சிலருக்கு அது மட்டும் போதாது. தொடைப் பள்ளத்துக்கும், கீழே சில்லின் நார் ஒட்டியிருக்கும் எலும்பு மேட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் எவ்வளவு தூரம் என்று ஸ்கேனில் அளப்பார்கள். அது 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த மேட்டையே வெட்டி நகர்த்தி ஸ்குரூ போடுவதும் உண்டு. இவளுக்கு 16தான். வளர்கிற வயதில் எலும்பை வெட்ட யோசிப்பார்கள், ஏனென்றால் வளரும் பகுதி அங்கேதான் இருக்கிறது.

"ரொம்ப இழுத்துக் கட்டினா முட்டி மடங்காது, வலிக்கும். விட்டுக் கட்டினா திரும்ப விலகும்" என்றார் டாக்டர். அதை எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன்.

கஷ்டம் ஆபரேஷனுக்கு அப்புறம்தான். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னார்கள். தொடை அசையவே இல்லை, அழுதுவிட்டாள். என் இஞ்சு டேப்பால் தொடைச் சுற்றளவை அளந்தேன்: நல்ல கால் 17, இந்தக் கால் 15½. ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்து சுவரில் குறித்தோம். ஐந்து மாசத்தில் 16¾ வந்திருக்கிறது. பந்தைத் தொட இன்னும் நாளாகும்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். முட்டி விலகினால் பிடித்து இழுக்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள். தானாக உள்ளே போனாலும் ஐஸ் வைத்து, காலை அசையாமல் கட்டி, அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. இரண்டாவது தடவை என்றால், மேட்ச் எதுவானாலும் சரி, எலும்பு டாக்டர் சொல்லாமல் இறக்காதீர்கள். ஆபரேஷன் செய்த பிள்ளை என்று டீமிலிருந்து பெயரை வெட்டவும் வேண்டாம். இவள் ஷூவைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

ஸ்கேன் ஃபிலிம் என் கடையில்தான், வெட்டுப் பேப்பர்களோடு இருக்கிறது. சாயங்காலம் எந்த நாள் வந்தாலும் டியூப்லைட்டில் பிடித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடி தையல்கார அம்மா