பெயர் சொல்லாமல் சென்ற பெரியவருக்கு நன்றி

தேவிகுளம் மலையில் எங்கள் திருச்சபை நடத்தும் முகாம் இல்லத்தின் கழிப்பறைகளைப் புதுப்பிக்கவும், ஒழுகும் தகரக் கூரையை மாற்றவும் நாங்கள் நிதி திரட்டத் தொடங்கியபோது, தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் குடும்பங்கள் நாட்கூலியில் மிச்சம் பிடித்துத் தந்த காணிக்கையே முதலில் வந்து சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலுள்ள இவ்விடத்துக்குச் சிமெண்டும் குழாய்களும் போடிமெட்டு வளைவுகளில் லாரி ஏறித்தான் வரவேண்டும் என்பதால், பொருளின் விலையோடு ஏற்றுகூலியும் எங்களை அழுத்தியது. தென்மேற்குப் பருவமழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

வேலை பாதியில் நின்ற அந்த வாரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள், ஐயா. ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்தபின் போதகரிடம் ஓர் உறையைக் கொடுத்து, "பெண் பிள்ளைகளின் கழிப்பறையை முதலில் முடியுங்கள்" என்று மட்டும் சொல்லி, பெயரைக் கேட்பதற்குள் பேருந்து ஏறிவிட்டீர்கள். பணத்தைவிட அந்தச் சொல்லையே நான் பெரிதாக எண்ணுகிறேன். இரவில் டார்ச் விளக்கோடு சேற்றில் நடந்த சிறுமிகளின் சிரமத்தை எங்கள் குழுவில் எவரும் முதலிடத்தில் வைத்திருக்கவில்லை.

உங்கள் விருப்பப்படியே அது முதலில் முடிந்தது. ஒவ்வொரு கதவுக்கும் உள்தாழ்ப்பாள் உண்டு, வாசல்வரை விளக்கும் உண்டு. கோடை முகாமில் பிள்ளைகள் உங்களுக்காக ஜெபித்தார்கள். மீண்டும் இப்பக்கம் வந்தால், ஒரு வேளை உணவாவது எங்களோடு உண்டு செல்லுங்கள், ஐயா.