அணுக்கழிவை எங்க வைக்கப் போறியள்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இலங்கையிலையும் அணுமின் நிலையம் கட்டலாம் எண்டு கதைக்கினம், கரண்ட் வேணும்தான், நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனா எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை எங்க வைக்கப் போறியள் எண்டதை முதல் சொல்லுங்கோ.

பின்லாந்தில ஒன்கலோ எண்ட இடத்தில 400 மீற்றருக்கும் கீழ பாறையைக் குடைஞ்சு, செம்புக் கொள்கலனில அடைச்சு, சுத்திவர பெண்டனைட் களி போட்டு மூடுறதுக்குச் செய்து வைச்சிருக்கினம், தண்ணி பட்டா அந்தக் களி ஊதி வெடிப்பை அடைக்கும், எங்கட குளக்கட்டுக்குக் களி போட்டு இறுக்கிற மாதிரித்தான். அதுக்கு முதல் கன வருஷம் தண்ணித் தொட்டியில ஆறவிட வேணும். கழிவில கிடக்கிற புளூட்டோனியம் 239 எண்ட கதிர்வீசுற நச்சுப் பொருள் பாதியாக் குறையவே 24,000 வருஷம் செல்லும்.

2009க்குப் பிறகு எங்கட வேலிக்கு அங்கால மிதிவெடி எண்டு மண்டையோடு கீறின சிவப்புப் பலகை நிண்டது, நாலைஞ்சு மாரி அடிச்சு எழுத்தெல்லாம் போட்டுது, மாடு சாய்க்கிற பொடியள் தெரியாமப் பக்கத்தால போய்வந்தவங்கள். அப்ப 24,000 வருஷத்துக்கு ஆர், எந்தப் பாஷையில எழுதி வைப்பினம்?

காடு கூட, சனம் குறைவு எண்டு வன்னியைப் பாக்கிற யோசினை இருந்தா எங்களிட்டக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ. நாங்கள் கிணத்துத் தண்ணி குடிக்கிற ஆக்கள்.

ஒரு வாசகர்,
ஒட்டுசுட்டான்