காலையில் பணிஸ், மாலையில்தான் கடலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குத் தினமும் காலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். கணவர் அதற்கும் முன்னமே மேசன் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். மகள் பத்தாம் தரம். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டால் வீட்டுக்கு வருவதில்லை, நேரே ரியூசன். வீடு வந்து சேர ஆறரை ஆகும்.

போன வருடம் வைகாசி வெயிலில் ஒரு நாள் வகுப்பிலேயே தலைசுற்றி விழுந்துவிட்டாள். நான் கந்தோரிலிருந்து ஓடினேன். பார்த்த டொக்டர் முதலில் கேட்டது, “பிள்ளை இண்டைக்கு என்ன சாப்பிட்டது?” என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தேன். கிறீம் பிஸ்கட் உறைகள் மூன்று, ஒரு மிக்ஸர் பக்கற், பாதி குடித்த சோடாப் போத்தல். காலையில் கட்டிக் கொடுத்த பாணும் சம்பலும் பத்தரை இடைவேளையோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இனிப்பிலும் எண்ணெயிலும்தான் ஓடியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கடையில் இருந்ததைத்தான் வாங்கினாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பையில் போகும் சாப்பாடு மாறிவிட்டது. உங்கள் வாசகிகள் பலரும் என்னைப் போல ஓடுகிறவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் இடம் கடலைக்கு. படுக்கப் போகும் முன் ஒரு சுண்டு கடலையை ஊறப் போட்டுவிடுவேன். விடிய உப்புப் போட்டு அவித்து, வடித்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்த சட்டியில் ஈரம் வற்றும்வரை பிரட்டுவேன். தேங்காய்ப்பூ போடுவதில்லை. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்குத் தேங்காய்ப்பூ போட்ட கடலை மதியத்துக்குள் புளித்துவிடும். இன்னொன்றைப் பட்டுத்தான் அறிந்தேன்: சூட்டோடு பெட்டியை மூடக்கூடாது. மூடினால் உள்ளே வியர்த்து, இரண்டு மணிக்குத் திறக்கும்போது ஒரு நாற்றம் வரும். விசிறி வைத்தாவது ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். அரைத் தேசிக்காயைத் தனியாகச் சுற்றிக் கொடுத்தால் சாப்பிடும் நேரம் பிழிந்துகொள்வாள். கடலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரத் தேசிப்புளி உதவும். பருவப் பெண்பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

உடம்பு நிறை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது வளர்ந்தவர்களுக்கான பொதுக் கணக்கு. 55 கிலோ உள்ள எனக்கு 44 கிராம். 50 கிராம் காய்ந்த கடலையை அவித்தால் அதில் 10 கிராம் அளவில் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம். 30 கிராம் கச்சானில், அதாவது ஒரு கைப்பிடியில், 7 கிராமுக்கு மேல். நாலைந்து கிறீம் பிஸ்கட்டில் இரண்டு மூன்று கிராம் கிடைத்தாலே பெரிது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, டின்னில் விற்கும் புரத மாவுக்கு இளம்பிள்ளைகள் கடன்பட்டுக் காசு கொடுப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை.

கணவருக்குக் கடலையை விட உருண்டை வசதி. வேலைத்தலத்தில் கை கழுவ நேரமிருக்காது, கடதாசியோடு பிடித்துக் கடித்துவிடுவார். வறுத்த பயறு, வறுத்த அரிசி, எள்ளு, கச்சான் நான்கையும் இடித்துச் சர்க்கரைப் பாகில் பிடிப்பேன். என் அம்மம்மா பயறும் அரிசியும் சேர்த்தே இடிப்பா. காரணம் இப்போதுதான் எனக்கு விளங்கியது: புரதம் பல கூறுகளால் ஆனது; அவற்றில் அரிசியில் குறைவான லைசின் பயற்றில் உண்டு, பயற்றில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. 1973 முதல் கிளினிக்கில் கொடுத்துவரும் திரிபோஷா சத்துமாவில் சோளமும் சோயாவும் சேருவதும் இதே முறைதான். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் பாகு உருண்டை வேண்டாம், கடலையோ முட்டையோ போதும்.

நெத்தலிக் கருவாட்டை உப்புப்போகக் கழுவி, காயவிட்டு, மொறுமொறுவென்று வறுத்துக் கச்சானோடு கலந்து போத்தலில் வைத்தால் ஒரு கிழமைக்குக் கெடாது. பஸ்ஸில் திறந்தால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தயிர் எங்கள் மாவட்டத்தின் பெருமை என்றாலும் வெயிலில் மணிக்கணக்காகப் பையில் வைத்துத் திரிவதற்கு ஏற்றதில்லை, அது வீட்டுச் சாப்பாடு. அவித்த முட்டையையும் கோதோடு கொண்டுபோய் ஓரிரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

கச்சான் வாங்கும்போது ஒரு கவனம். ஈரம்பட்டுப் பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் காசைப் பாராமல் எறிந்துவிடுங்கள். நாலைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கிவிடும். இடித்துக் கொடுக்கலாம். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் தாயிடம் கேளுங்கள்.

இனி நான் உண்மையில் கேட்க வந்த விஷயம். மாலையில் கல்லடிக் கடற்கரைக்கோ காந்தி பூங்காவுக்கோ போனால் வண்டிலில் சுடச்சுடக் கடலை கிடைக்கும். மாமாங்கத்துத் தீர்த்தத்துக்குப் போனால் கச்சான் கடைகள் வரிசையாக இருக்கும். ஆனால் காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்தில் இறங்கும் பிள்ளைக்கும் தொழிலாளிக்கும் என்ன கிடைக்கிறது? பணிஸ், றோல்ஸ், பற்றீஸ். எல்லாம் கோதுமை மா. காற்று வாங்கப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் கடலை, வயிற்றுக்காக ஓடுகிறவர்களுக்கு ஏன் கிடைக்கக்கூடாது? அந்த வண்டில்களில் இரண்டு காலையில் வந்தாலே போதும், வாங்குவதற்கு நாங்கள் இருக்கிறோம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளிலும் அவித்த கடலை, கௌப்பி, பயறு ஏதாவது ஒன்றைப் பகல் ஒன்றரை மணிவரை தீர்ந்துபோகாமல் வைக்கும்படி அதிபர்களிடமும் பெற்றார் சங்கங்களிடமும் உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் வாங்கும் நேரம் அதுதான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
களுவாஞ்சிகுடி.